அம்மன் போகும் வழியில் நடக்கிறோம்!

பங்குனியில் முருகன் கல்யாணத்துக்கு மீனாட்சியம்மனும் சுவாமியும் மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் போவார்கள். சித்திரையில் அம்மன் கல்யாணத்துக்கு முருகன் இங்கே வருவார். சுமார் 8 கி.மீ. தூரம். 2011-ல் திருப்பரங்குன்றமும் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. இப்போது வழியெல்லாம் டவுன்தான்.

எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர் கார்த்திகைதோறும் பழங்காநத்தம், பசுமலை வழியாக நடந்தே போகிறோம். "பஸ்ஸுதான் ஓடுதே, எதுக்குத்தா நடந்துக்கிட்டு?" என்ற மாமியார், இப்போது "அடுப்பை நான் பாத்துக்கறேன், போயிட்டு வா" என்கிறார்.

சமீபத்தில், ஓரமெல்லாம் கடைகள் அடைத்திருந்ததால் ரோட்டில் இறங்கினோம். ஒருத்தியின் முந்தானையை ஆட்டோ இழுக்க, விழுந்து முழங்கை சிராய்த்துவிட்டது. அதற்காக நடையை நிறுத்தவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு, எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போகிறோம். வெறுங்காலோடு நடப்பவர்கள் விடியற்காலையே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறினால் தார் சுடும்.

நடக்கிறவர்களுக்கு ஓரத்தில் நாலடி விட்டால் போதும், புண்ணியமாகப் போகும்!

- ஒரு வாசகி, மதுரை.