அயலான் கரையும் நம் கரையே

சென்ற ஆண்டு ஒரு சங்கத்தின் பொதுப் பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "ஐயா, இலாபத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் சேமநிதிக்கு ஒதுக்கச் சொல்கிறீர்கள். எங்கள் சங்கத்திற்கு இதுவரை ஓர் ஆபத்தும் வந்ததில்லையே! அந்தத் தொகையையும் ஈவாகப் பகிர்ந்தளித்தால் ஆகாதோ?" என்று வினவினார். சட்டத்தின் பிரிவைச் சுட்டிக் காட்டி விடையளித்தேன். அவர் அமர்ந்துவிட்டார், ஆனால் அந்த விடை அவருக்கு மன நிறைவு அளிக்கவில்லை என்பதை முகம் காட்டிற்று. அன்று நான் கூறியிருக்க வேண்டிய விடையை, ஆபத்து வருமுன் செலவு செய்வதையே கடமையாகக் கொண்ட சில சங்கங்களின் வரலாற்றில் பின்னர்க் கண்டேன். அவை ஐரோப்பாவின் வடமேற்குக் கடலோரத்தில் உள்ள நெதர்லாந்து நாட்டின் நீர்வாரியங்கள்.

கடலுக்குத் தாழ்ந்த நாடு

நெதர்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழக் கால் பங்கு கடல்மட்டத்திற்குத் தாழ்ந்து கிடக்கிறது. ரைன், மாஸ், ஷெல்ட் என்னும் ஆறுகள் கடலிற் கலக்கும் கழிமுக நாடு அது. மணற்குன்றுகள் இயற்கை அரணாக நிற்கும் இடங்கள் நீங்கலாக, எஞ்சிய இடங்களில் மக்கள் எழுப்பிய அணைக்கரைகளே கடலைத் தடுத்து நிறுத்துகின்றன. கரை சூழ்ந்த தாழ்நிலத்தைப் 'போல்டர்' என்பர். அதில் பெய்யும் மழைநீர் தானாக வடியாது. முற்காலத்தில் காற்றாலைகளாலும், பின்னர் நீராவி எந்திரங்களாலும், இப்பொழுது மின்சார எந்திரங்களாலும் அதனை இறைத்து வெளியேற்றுகின்றனர்.

இத்தகைய நிலத்தில் தனியொருவன் தன் வயலை மட்டும் காத்துக்கொள்ள இயலாது. நூறு பேர் தத்தம் கரையைச் செம்மையாக வைத்திருப்பினும், நூற்றோராவது மனிதன் சோம்பியிருந்தால் கடல் அவன் வழியே நுழைந்து அனைவர் வயலையும் மூழ்கடித்துவிடும். இந்த அச்சமே அந்நாட்டுக் குடியானவர்களைச் சங்கமாகச் சேர்த்தது. ரைன்லாந்து நீர்வாரியத்தின் அதிகாரத்தை ஹாலந்துப் பிரபு இரண்டாம் வில்லியம் 1255ஆம் ஆண்டில் உறுதி செய்தார். அவ்வாரியம் இன்றளவும் இயங்கி வருகிறது.

மண்வெட்டிச் சட்டம்

தொடக்கத்தில், நம் குடிமராமத்தைப் போன்று, ஒவ்வொரு நிலச்சொந்தக்காரரும் தமக்கு அளந்து விடப்பட்ட கரைப் பகுதியைத் தாமே செப்பனிட வேண்டும் என்பது விதி. கரைத் தலைவரும் வாரிய அங்கத்தினரும் குறித்த காலங்களில் கரை நெடுக நடந்து பார்வையிடுவர். கடமை தவறியவருக்குத் தண்டம் விதித்து, வேலையைப் பிறரைக் கொண்டு முடித்து, அச்செலவையும் அவரிடமே வசூலிப்பர். என் போன்ற ஆய்வாளர்களுக்கு இவர்களே முன்னோடிகள் எனலாம்!

கரையைப் பேண வகையற்றவர் தம் மண்வெட்டியைக் கரையில் நட்டுவிட்டு நிலத்தைத் துறந்து செல்ல வேண்டும். அதனைப் பிடுங்குபவர் அந்நிலத்தையும் அதற்குரிய கரைப் பொறுப்பையும் ஒருங்கே ஏற்பார். கொடிய சட்டமே. ஆயினும், பொறுப்பை ஏற்காதவனுக்குப் பாதுகாப்பில் உரிமையில்லை என்பதை இதனினும் தெளிவாகக் கூற இயலாது.

இம்முறையில் ஒரு குறை இருந்தது. அலை மோதும் இடத்தில் பங்கு பெற்றவர் ஓட்டாண்டியானார். அமைதியான மூலையில் பங்கு பெற்றவர் சுகமாக இருந்தார். காலப்போக்கில் இதனை உணர்ந்து, தனித்தனி வேலையைப் பல வாரியங்கள் கைவிட்டன. எல்லோரிடமும் வரி வசூலித்துக் கரை முழுவதையும் பொதுவில் பராமரிக்கும் முறை வந்தது. நலன் பெறுவோர் பணம் செலுத்த வேண்டும். பணம் செலுத்துவோருக்கு நிர்வாகத்தில் குரல் இருக்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. முற்காலத்தில் நிலத்தின் அளவிற்கேற்பவே வாக்குரிமை இருந்தது. இன்றோ அப்பகுதியில் வாழும் வயது வந்தோர் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்களித்து வாரியத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

1953ஆம் ஆண்டின் இரவு

இத்தனை சிறப்பும் உடைய சங்கங்கள் ஒருமுறை தவறின. அந்தத் தவறே நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

1953 ஜனவரி 31ஆம் நாள் இரவு, பௌர்ணமியை ஒட்டிய பேரோதத்துடன் வடமேற்குப் புயலும் சேர்ந்துகொண்டது. பிளிஸ்ஸிங்கன் துறைமுகத்தில் நீர் வழக்கமான மட்டத்திற்கு மேல் 4.55 மீட்டர் உயர்ந்தது. ஸீலாந்து மாகாணத்திலும் தென் ஹாலந்துத் தீவுகளிலும் கரைகள் உடைந்தன. 1,836 பேர் மாண்டனர். ஏறத்தாழ 4 லட்சம் ஏக்கர் நிலம் உப்புநீரில் மூழ்கிற்று.

இது எதிர்பாராத விபத்தன்று. தென்மேற்குக் கரைகள் தாழ்ந்தும் நலிந்தும் உள்ளன என்று அரசுப் பொறியாளர் ஜொஹான் வான் வேன் பல ஆண்டுகளாக எச்சரித்து வந்தார். போரும், போருக்குப் பின் எழுந்த வேறு செலவுகளும் கரைப்பணியைப் பின்தள்ளின. அக்காலத்தில் நாட்டில் 2,500க்கு மேற்பட்ட வாரியங்கள் இருந்தன. அவற்றுட் பல சில நூறு ஏக்கருக்கே உரியவை. கரையை ஓர் அடி உயர்த்தவும் அவற்றுக்கு வசதியில்லை. புயல் எச்சரிக்கைத் தந்திக்குச் சந்தாதாரராகச் சேராத வாரியங்களும் பல.

பெரும்பாலான கரைகள் கடலை நோக்கிய பக்கத்தில் உடையவில்லை. அப்பக்கத்திற்குக் கல் பாவியிருந்தனர். யாரும் கவனியாத உட்பக்கச் சரிவு செங்குத்தாகவும் நொய்ம்மையாகவும் இருந்தது. மேலே வழிந்த நீர் அதனை அரித்துச் சென்றபின் கரை உள்ளிருந்தே சரிந்தது. கணக்குப் புத்தகங்களைப் பார்ப்பவன் என்ற முறையில், இச்செய்தியை என்னால் எளிதில் மறக்க இயலவில்லை.

அன்றிரவு ஹாலந்து ஐஸல் ஆற்றங்கரையும் உடைந்தது. நகரத் தலைவரின் ஆணைப்படி, ஆரி ஏவக்ரூன் என்னும் படகோட்டி தம் சரக்குப் படகையே உடைப்பிற் செலுத்தி அடைத்தார். அக்கரைக்குப் பின்னால் சுமார் 30 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர் துணிவு போற்றத்தக்கது. ஆனால் ஒரு படகின் துணிவை நம்பி ஒரு நாடு உறங்கலாகாது.

பின்னர்ச் செய்தவை

முதலாவதாக, பழுதுபார்க்கப் பணம் வேண்டியிருந்தது. சிறு வாரியங்கள் தனித்தனியே கடன் கேட்டு அலையாதவாறு, 1954இல் வாரியங்கள் தமக்கென ஒரு வங்கியை நிறுவிக்கொண்டன. அவ்வங்கி இன்றும் நடைபெறுகிறது.

இரண்டாவதாக, சிறு வாரியங்கள் படிப்படியாக ஒன்றுசேர்ந்தன. 2018 முதல் அவற்றின் எண்ணிக்கை 21. தன் கரையைத் தானே உயர்த்த முடியாத ஊர், வலுவுள்ள ஊருடன் இணைந்து பயன் பெற்றது.

மூன்றாவதாக, 1958இல் 'டெல்டாச் சட்டம்' நிறைவேறிற்று. கழிமுகங்களை அணைகளால் அடைக்கும் பெரும் பணி தொடர்ந்தது. கிழக்கு ஷெல்ட் முகத்துவாரத்தை முற்றிலும் அடைத்துவிடத் திட்டமிட்டபோது, அங்குச் சிப்பி வளர்த்தும் மீன் பிடித்தும் வாழ்ந்தோர் எதிர்த்தனர். உப்புநீர் நின்றால் அவர்கள் பிழைப்பும் நின்றுவிடும். இயற்கை ஆர்வலரும் அவர்களுடன் சேரவே, அரசு திட்டத்தை மாற்றிற்று. 1986இல் திறக்கப்பெற்ற அவ்வணையில் 62 இரும்புக் கதவுகள் உள்ளன. நாள்தோறும் ஓதம் தடையின்றி வந்து செல்கிறது; கடல் 3 மீட்டர் உயரக்கூடும் என்றால் மட்டும் கதவுகளை இறக்குகின்றனர். செலவு மிகுந்தது, ஆயினும் உயிரும் பிழைப்பும் ஒருங்கே காக்கப்பெற்றன.

இப்பொழுது கடற்கரை, ஆற்றங்கரைகளை வலுப்படுத்தும் செலவைப் பங்கிடும் முறை கூட்டுறவாளர்கள் அறியத்தக்கது. பாதியை அரசு ஏற்கிறது. 40 விழுக்காட்டை எல்லா வாரியங்களும் சேர்ந்து செலுத்துகின்றன. வேலை நடைபெறும் வாரியம் 10 விழுக்காடு தருகிறது. அயலான் கரைக்கும் யாவரும் பணம் தருகின்றனர். பிறர் பணந்தானே என்று வீணாக்காதிருக்கத் தன் பங்கையும் ஒவ்வொரு வாரியமும் தருகிறது.

அன்றாடப் பணி

பெரிய அணைகளை யாவரும் வியந்து பார்ப்பர். கரையைக் காப்பதோ சிறு வேலைகளே. புல்வேர் மண்ணைப் பிணைக்க வேண்டும். அதற்காக ஆடுகளை மேய்க்கின்றனர். அவை புல்லை மேய்ந்து, குளம்பால் மண்ணையும் இறுக்குகின்றன. கரையைக் குடைந்து வளை தோண்டும் கஸ்தூரி எலிகளைப் பிடிப்பதற்கென்றே வாரியங்கள் ஆட்களை வைத்துள்ளன. வெள்ளத்தில் மட்டுமல்ல, வறட்சியிலும் காவல் வேண்டும். 2003 ஆகஸ்டில் வில்னிஸ் என்னும் ஊரில், கடுங்கோடையில் உலர்ந்து எடை குறைந்த புற்கரி மண் கரை ஒன்று கால்வாய் நீரின் அழுத்தத்தால் நகர்ந்துவிட்டது. ஊர்மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

அன்று வினவிய அங்கத்தினருக்கு இப்பொழுது கூறுவேன்: ஐயா, ஆபத்து வரவில்லை என்பதனால் கரை வீண் என்று ஆகாது. அது நின்றதனால் ஆபத்து வராதிருந்திருக்கலாம். சேமநிதி நம் கரை. தவணை தவறாது கடனைச் செலுத்துவது அதன் மண். ஆண்டுத் தணிக்கை கரை நெடுக நடந்து பார்ப்பது. அடுத்த பேரவையில் ஈவின் விகிதத்தைக் கேட்பதற்கு முன், கரையின் உட்பக்கம் எவ்வாறுள்ளது என்று கேளுங்கள்.