பிளாஸ்டிக் எப்படி எரிகிறது?



நம் வீட்டைச் சற்றுச் சுற்றிப் பார்ப்போம். தண்ணீர் பிடிக்கும் வாளி பிளாஸ்டிக். உட்காரும் நாற்காலி பிளாஸ்டிக். மேசை விரிப்பு, மழைக்கோட்டு, மின்கம்பியின் மேலுறை எல்லாம் பிளாஸ்டிக். பிள்ளைகள் படுத்துறங்கும் மெத்தையில்கூட இலவம்பஞ்சு போய், பிளாஸ்டிக் நுரை வந்துவிட்டது. தீபாவளிக்கு வாங்கும் பளபளப்பான சட்டைத் துணியும் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழைதான். தீப்பிடித்தால் இவை என்ன செய்யும் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

நாம் முன்பு பணிபுரிந்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு மழை இரவில் மின்சாரம் நின்றுபோயிற்று. லயத்து வீடு ஒன்றில், ஒரு தாயார் பிளாஸ்டிக் முக்காலியின் மேல் மெழுகுவர்த்தியை ஒட்டி வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தூங்க வைத்தார், தாமும் கண்ணயர்ந்தார். மெழுகுவர்த்தி அடிவரை எரிந்ததும் முக்காலி பற்றிக்கொண்டது. அது உருகி, எரியும் துளிகளாகப் பக்கத்தில் கிடந்த மெத்தையின் ஓரத்தில் சொட்டியது. மூச்சுத் திணறி விழித்த தாயார், பிள்ளைகள் மூவரையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார். உயிர்கள் தப்பின. அலமாரியும் அதிலிருந்த பிறப்புப் பத்திரங்களும் சாம்பலாயின. "ஒரு சின்ன முக்காலிதானே, வாத்தியாரையா! இவ்வளவு செய்யுமா?" என்று மறுநாள் அவர் நம்மிடம் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

மெழுகுவர்த்தி எரிவதைக் கூர்ந்து பாருங்கள். மெழுகு அப்படியே எரிவதில்லை. முதலில் அது உருகுகிறது. திரியில் ஏறி ஆவியாகிறது. அந்த ஆவிதான் எரிகிறது. பிளாஸ்டிக்கும் அப்படித்தான். நமது பைகள் செய்யப்படும் பாலித்தீன், மெழுகுக்கு நெருங்கிய உறவு. இரண்டிலும் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனுமே. மெழுகில் அவை சிறு சங்கிலிகளாகவும், பாலித்தீனில் மிக நீண்ட சங்கிலிகளாகவும் கோக்கப்பட்டிருக்கின்றன. சூடேறினால் அந்தச் சங்கிலி துண்டு துண்டாக அறுந்து வாயுவாகிறது. வாயு காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து எரிகிறது. அந்தச் சுவாலையின் வெப்பம் மீண்டும் பிளாஸ்டிக்கைத் தாக்கி மேலும் வாயுவைக் கிளப்புகிறது. இப்படித் தீ தனக்கு வேண்டிய இரையைத் தானே தயாரித்துக் கொள்கிறது.

இரையும் சாதாரணமானதன்று. ஒரு கிலோ காய்ந்த விறகைவிட ஒரு கிலோ பாலித்தீன் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெப்பம் தருகிறது. அதாவது, அது மண்ணெண்ணெய்க்கு நிகர். சின்ன முக்காலி ஏன் அவ்வளவு செய்தது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒரே மாதிரி எரிவதில்லை. வாளி, முக்காலி போன்றவை உருகிச் சொட்டி எரியும். வெள்ளை உணவுப் பெட்டிகளில் உள்ள பாலிஸ்டைரீன் கரும்புகையைக் கக்கும். தண்ணீர்க் குழாய்க்கான பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின் இருப்பதால், அது எளிதில் எரியாது. ஆனால் நெருப்பில் சிக்கினால் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். மெத்தை நுரையோ விரைவாக எரிந்து, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நச்சு வாயுக்களைத் தரும். 1979ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், ஒரு பெரிய கடையில் நுரை வைத்த நாற்காலிகள் பற்றி எரிந்து 10 பேர் மாண்டனர். அதன் பின்னர், 1988இல், வீட்டுத் தளவாடங்களின் தீப்பாதுகாப்புக்கெனப் பிரிட்டனில் கடுமையான விதிகள் வந்தன.

ஒரு பிளாஸ்டிக் எவ்வளவு எளிதில் எரியும் என்பதை எப்படிச் சோதிக்கிறார்கள்? மூன்று முறைகளைப் பார்ப்போம்.

முதலாவது, அமெரிக்காவில் 1894இல் தோன்றிய அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் என்ற நிறுவனம் வகுத்த முறை. 12.5 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் பட்டையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அடியில் 2 சென்டிமீட்டர் உயரச் சுவாலையை 10 விநாடி காட்டுவார்கள். தீயை அகற்றியபின் பட்டை எத்தனை விநாடியில் அணைகிறது என்று கணக்கிட்டு, மீண்டும் ஒருமுறை காட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் 10 விநாடிக்குள் அணைந்தால்தான் முதல் தரம் கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. பட்டைக்கு 30 சென்டிமீட்டர் கீழே சிறிது பஞ்சு வைத்திருப்பார்கள். எரியும் துளி விழுந்து பஞ்சு பற்றினால் முதல் தரம் இல்லை. முக்காலிக்குப் பக்கத்தில் கிடந்த மெத்தையை நினைத்துக்கொள்ளுங்கள்!

இரண்டாவது, 1966இல் ஃபெனிமோர், மார்ட்டின் என்ற அமெரிக்க அறிவியலாளர் இருவர் வெளியிட்ட முறை. ஒரு பொருள் தொடர்ந்து எரியக் குறைந்தது எத்தனை விழுக்காடு பிராணவாயு வேண்டும் என்று இதில் அளப்பார்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் அது 21 விழுக்காடு. பாலித்தீனுக்குச் சுமார் 18 போதும். ஆகவே காற்றில் தாராளமாக எரிகிறது. கெட்டியான பி.வி.சி.க்கோ 40க்கு மேல் வேண்டும். ஆனால் மேசை விரிப்புப் போன்ற மெதுவான பி.வி.சி.யில் அதை மிருதுவாக்க வேறு பொருள்கள் கலப்பதால், இந்த எண் வெகுவாகக் குறைந்துவிடும்.

மூன்றாவது, மின்சாதனங்களுக்கானது. பழுக்கக் காய்ச்சிய கம்பியைப் பிளாஸ்டிக்கின்மேல் 30 விநாடி அழுத்திப் பார்ப்பார்கள். பொருளுக்கு ஏற்பக் கம்பியின் சூடு 550 முதல் 960 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்.

இச்சோதனைகளை வீட்டில் செய்து பார்க்கலாகாது. பிள்ளைகளுக்கு இதை அழுத்தமாகச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. சோதனையில் எரிவது ஒரு சிறு பட்டை. வீட்டில் எரிவது ஓர் அறை. ஆய்வுக்கூடத்தில் தானே அணைந்த பொருள், மெத்தையும் அலமாரியும் சேர்ந்து எரியும்போது தானும் எரியும். ஆகவே 'எளிதில் தீப்பற்றாது' என்ற சொல்லுக்கு, 'எரியவே எரியாது' என்று பொருள் கொள்ளக் கூடாது.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? மெழுகுவர்த்தியையும் கொசுவர்த்தியையும் பீங்கான் அல்லது எவர்சில்வர் தட்டில், துணிக்கும் மெத்தைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். சிரிம் முத்திரையுள்ள மின்சாதனங்களையே வாங்குங்கள். மத்தாப்புக் கொளுத்தும் பிள்ளைக்குப் பருத்தி உடை உடுத்துங்கள். பருத்தியும் எரியும், ஆனால் நைலானைப் போல் உருகித் தோலில் ஒட்டாது. பிளாஸ்டிக் குப்பையை வீட்டுக்குப் பின்னால் கொளுத்தாதீர்கள்.

அப்படியும் தீப்பற்றிவிட்டால், புகை மேலே எழும் என்பதால், தரையோடு குனிந்து உடனே வெளியேறுங்கள். வெளியே வந்தபின் 999க்கு அழையுங்கள். பொருளை எடுக்க மீண்டும் உள்ளே போகாதீர்கள். பத்திரம் எரிந்தால் மறுபடியும் விண்ணப்பித்து வாங்கிவிடலாம். பிள்ளையை எங்கே போய் வாங்குவது?