பொரியல் வண்டிலுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

ஆங்கிலம் எங்கும் ஒரே வடிவினதாய் வழங்கும் மொழி என்று நம் மாணாக்கர் பலர் எண்ணுகின்றனர். ஒரு பொருளுக்குச் சரியான சொல் ஒன்றே உண்டு, ஏனையவெல்லாம் பிழை என்பது அவர்தம் துணிபு. அத்துணிபை அசைத்துப் பார்ப்பதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. உருளைக்கிழங்கை நீளத் துண்டங்களாய் அரிந்து, கொதியெண்ணெயிற் பொரித்து, வீதியோரத்தில் விற்கும் வண்டில் ஒன்றே போதும். அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று வினவினால், விடை கூறுபவர் எவ்வூரவர் என்பதைப் பொறுத்தே விடையும் அமையும்.

இங்கிலாந்தில் அது 'சிப் வான்'. 'சிப்' என்றால் அரிந்த துண்டு. மரச் சீவலுக்கும் அதுவே பெயர். வட இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்தின் பெரும்பகுதியிலும் பொரியற் கடையைச் 'சிப்பி' என்பர். வண்டி 'சிப்பி வான்' ஆகும். சிப்பி என்றதும் நமக்கு முத்து நினைவுக்கு வரும். அவர்களுக்கோ உப்பும் வினாகிரியும் தூவிய உருளைக்கிழங்கு நினைவுக்கு வரும். மேற்கு யோர்க்சயரின் பழைய வழக்கு இன்னும் சுவையானது. அங்கே கடைக்குச் 'சிப் ஒயில்' என்று பெயர். எண்ணெயாற் பெற்ற பெயர் என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது. பொந்து என்று பொருள்படும் 'ஹோல்' என்ற சொல்லே அப்பகுதியினர் நாவில் 'ஒயில்' ஆயிற்று.

வானும் மோட்டாரும் தோன்றுமுன்பே இத்தொழில் வீதியில் நடமாடியது. 1851இல் நூலாக வெளிவந்த ஹென்றி மேஹியூவின் இலண்டன் ஏழைகள் பற்றிய பெருநூல், பொரித்த மீன் விற்போரை விரிவாக வருணிக்கின்றது. கழுத்திலே தோல்வாரால் தொங்கவிட்ட தட்டம். அதன்மேற் பரப்பிய செய்தித்தாள். மீனோடு ஒரு துண்டு பாண். உருளைக்கிழங்கு அக்கூட்டில் இன்னும் சேரவில்லை. மீனையும் சிப்ஸையும் முதலில் இணைத்து விற்றவர் இலண்டன் ஜோசப் மாலினா, லங்காசயர் மோஸ்லிச் சந்தையின் ஜோன் லீஸா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இருவரும் 1860களைச் சேர்ந்தவர்கள் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்ளலாம்.

கடல் தாண்டிக் கனடாவுக்குச் சென்றால் நம் கதை சூடு பிடிக்கின்றது. ஒன்ராறியோ மாகாணத்தில், சிறப்பாக ஒட்டாவாவையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்தோர் இவ்வண்டியைச் 'சிப் வாகன்' என்பர். 'சிப் ட்ரக்' என்பாரும் உளர். இப்பெயரிலுள்ள விந்தையைக் கவனியுங்கள். கனேடியர் இன்று பொரித்த நீளத் துண்டங்களை அமெரிக்கரைப் போலவே 'ஃப்ரைஸ்' என்பர். 'சிப்ஸ்' என்றால் அவர்களுக்குப் பொதியில் அடைத்து வரும் மெல்லிய மொறுமொறு வட்டங்கள். ஆயினும் அந்த மெல்லிய வட்டங்களுக்காக எவரும் சிப் வாகனைத் தேடிச் செல்வதில்லை. அங்கே போய் நின்று 'ஃப்ரைஸ்' கேட்டு வாங்குகின்றனர்! பிரித்தானியரின் பழைய சொல்லாட்சி உணவின் பெயரிலிருந்து பெரும்பாலும் நழுவிவிட்டது. வண்டியின் பெயரிலும் மீனோடு சேர்ந்த பெயரிலும் மாத்திரம் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. குதிரை பூட்டிய காலத்து 'வாகன்' என்ற சொல்லும் அவ்வாறே. குதிரை போய்ப் பல்லாண்டாயின, பெயர் போகவில்லை. கியூபெக்கின் நாட்டுப்புறத்தில் 1950களின் பிற்பகுதியில் தோன்றிய 'பூட்டீன்', அதாவது பாற்கட்டித் துண்டும் இறைச்சிக் குழம்பும் சேர்ந்த பொரியல், இன்று அவ்வண்டிகளிற் பரவலாக விற்கப்படுகின்றது. நம்மவர் பெருந்தொகையாய் வாழும் ரொறன்ரோவிலும் நகர மண்டபத்தின் முன்னே இத்தகைய வண்டிகள் நெடுங்காலமாக நின்றுள்ளன.

அயர்லாந்துக்காரர் 'சிப்பி' என்னாது பெரும்பாலும் 'சிப்பர்' என்பர். அந்நாட்டில் இத்தொழிலை வளர்த்தவர்கள் இத்தாலியர். அவர்களுட் பலர் உரோமாபுரிக்குத் தென்கிழக்கேயுள்ள கசலாத்திக்கோ என்னும் சிற்றூரையும் அதன் அயலையும் சேர்ந்த குடும்பத்தினர். 1880களில் ஜூசெப்பே செர்வி என்பவர் டப்ளின் மதுச்சாலைகளின் வாயிலிலே கைவண்டிலில் சிப்ஸ் பொரித்து விற்றார் என்றும், பின்னர் கடை வைத்தார் என்றும் வரலாறு வழங்குகின்றது. ஆங்கிலம் அதிகம் அறியாத அவர் மனைவி பல்மா, வருவோரிடம் 'இதில் ஒன்றா, அதில் ஒன்றா?' என்று இத்தாலிய மொழியிற் சுட்டிக் கேட்பாராம். அதிலிருந்தே டப்ளினிற் பொரித்த மீனுக்கும் சிப்ஸுக்கும் 'வன் அன்ட் வன்' என்ற பெயர் பிறந்தது என்பர். இதைப் பிழையான ஆங்கிலம் என்று சிவப்பு மையாற் கீறுவதற்கு எந்த ஆசிரியருக்குக் கை வரும்?

விற்பவர் நாவிலிருந்து ஆங்கிலத்துட் சொல் புகுவதற்கு நாம் டப்ளின்வரை போகவேண்டியதுமில்லை. கொழும்புக் காலிமுகத்திடலில் மாலையில் நிற்கும் வண்டில்களில் விற்பது 'இஸ்ஸோ வடே'. இறாலைக் குறிக்கும் சிங்களச் சொல்லும் நம் வடையும் கைகோத்து, எவ்விதத் தயக்கமுமின்றி இலங்கையர் பேசும் ஆங்கில வாக்கியத்தில் அமர்ந்துகொள்கின்றன.

ஊர்ச் சொற்களைப் பல்கலைக்கழகங்கள் இகழ்வதில்லை. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹரல்ட் ஓர்ட்டனும் அவர்தம் குழுவினரும் 1950 முதல் 1961 வரை இங்கிலாந்தின் கிராமங்கள் முதலிய 313 இடங்களுக்குச் சென்று, 1,300க்கு மேற்பட்ட வினாக்களைக் கேட்டு, முதியோர் வாய்ச்சொற்களைப் பதிவு செய்தனர். வினாக்களிற் பல உழவையும் தொழுவத்தையும் பற்றியவை. நகரத்து வண்டிகளின் பெயர்கள் இத்தகைய மதிப்பைப் பெறுவதற்கு மேலும் காலம் சென்றது.

அமெரிக்காவிலோ பெயரோடு மதிப்பும் மாறியது. 1872இல் றோட் ஐலன்ட் மாநிலத்தின் புரொவிடன்ஸ் நகரில் வோல்டர் ஸ்கொட் என்பவர் (நாவலாசிரியர் அல்லர், வேறொருவர்) குதிரை வண்டியில் உணவு வைத்து, இரவில் வேலைசெய்யும் பத்திரிகைத் தொழிலாளர் முதலியோருக்கு விற்றார். அத்தகைய வண்டி 'லஞ்ச் வாகன்' எனப்பட்டது. ஹவாயில் அப்பெயர் இன்றும் உயிரோடுள்ளது. ஆனால் கட்டட வேலைத்தலங்களுக்கும் ஆலைவாயில்களுக்கும் வந்த வண்டிகளுக்கு மக்கள் 'றோச் கோச்' என்று பெயர் சூட்டினர். கரப்பான்பூச்சி வண்டி என்பது பொருள். எதுகை நன்றாகத்தான் இருக்கின்றது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுபவனுக்கு அது இனித்திராது. 2008இல் லொஸ் ஏஞ்சலிஸில் றோய் சோய் என்னும் கொரிய அமெரிக்கச் சமையற்காரரும் அவர்தம் கூட்டாளிகளும் கொரிய இறைச்சி வைத்த டாக்கோக்களை அத்தகைய வண்டியொன்றில் விற்கத் தொடங்கி, நிற்கும் இடத்தை டுவிட்டரில் அறிவித்தனர்; கூட்டம் தேடி வந்தது. பின்னர் 'ஃபூட் ட்ரக்' என்ற பெயர் நாடெங்கும் மேலோங்கிற்று. சக்கரமும் அடுப்பும் பழையனவே; வரிசையில் நிற்பவரும் விலையும் வேறு. அப்பெயர் இன்று இங்கிலாந்திலும் கனடாவிலும் பரவி, சிப் வானுக்கும் சிப் வாகனுக்கும் அருகிலே வந்து நிற்கின்றது.

லொஸ் ஏஞ்சலிஸின் மெக்சிக்க வண்டிக்காரரோ தம் வண்டியை நெடுங்காலமாக 'லொஞ்சேரா' என்றே அழைத்து வருகின்றனர். ஆங்கில 'லஞ்ச்' ஸ்பானிய மொழியிற் புகுந்து பெற்றெடுத்த சொல் அது.