உஷார்! மனப்பால் குடித்தால் பசி போய்விடும்

வளவனூர் பஸ் ஸ்டாப் பக்கம் டீக்கடையில் விடியற்காலையில் ஒரு தம்பியைப் பார்ப்பேன். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறவர். போன வாரம் டீ ஆறிக்கொண்டிருக்க, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"தூக்கமா தம்பி?"

"இல்லண்ணா, விஷுவலைசேஷன். விஏஓ சீட்ல உக்காந்து கையெழுத்துப் போடற மாதிரி தினம் இருபது நிமிஷம் பாக்கணுமாம். வீடியோல சொன்னாங்க. மனசு செட் ஆயிடுச்சுன்னா படிப்பு தானா வந்துடும்."

மூன்று மாதமாக மனசு செட் ஆகிக்கொண்டே இருக்கிறது.

இருபது நிமிஷம் வீணாகிறது என்பதோடு போனால் நான் இதை எழுதவே மாட்டேன். அந்த இருபது நிமிஷம் மிச்ச நாளையும் சேர்த்துத் தின்கிறது. அதுதான் பயம்.

மனப்பால் என்று நம் ஆட்கள் சும்மா பெயர் வைக்கவில்லை. குடித்தால் வயிறு நிறையாது, பசி மட்டும் அடங்கிவிடும். ஜெர்மன் உளவியலாளர் காப்ரியேலே ஓட்டிங்கன் இதை அளந்தே பார்த்தார். படிப்பு முடித்து வேலை தேடிய இளைஞர்களில், நல்ல வேலை கிடைத்துவிட்ட மாதிரி அடிக்கடி இன்பக் கனவு கண்டவர்கள் இரண்டு வருஷம் கழித்து எங்கே நின்றார்கள் தெரியுமா? மற்றவர்களைவிடக் குறைவாக விண்ணப்பித்திருந்தார்கள். வந்த வேலையும் குறைவு, சம்பளமும் குறைவு. 2011-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், இப்படிக் கனவு காணும்போது ரத்த அழுத்தமே இறங்கியது. கிடைத்தாயிற்று என்று நம்பி உடம்பு தளர்ந்துகொள்கிறது. கல்யாணம் நடக்கும் முன்பே பந்தி முடிந்த கதை.

அப்படியானால் மனசுக்குள் பார்ப்பதே தப்பா? இல்லை. எதைப் பார்க்கிறோம் என்பதில்தான் வம்பு. கலிபோர்னியாவில் தேர்வுக்கு முன் மாணவர்களைப் பிரித்து, ஒரு கூட்டத்தை நல்ல மார்க் வாங்கியதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். இன்னொரு கூட்டத்தை எங்கே உட்கார்ந்து, எப்படிப் படிக்கப்போகிறோம் என்று பார்க்கச் சொன்னார்கள். 1999-இல் வெளியான முடிவு: மார்க்கைப் பார்த்தவர்கள் குறைவாகப் படித்துக் குறைவாக வாங்கினார்கள். படிப்பதைப் பார்த்தவர்கள் சீக்கிரமே புத்தகத்தை எடுத்தார்கள், மார்க்கும் கூடியது.

தேர்த் திருவிழாவுக்கு முன் வெள்ளோட்டம் விடுகிறோமே, எதற்கு? சாமி இல்லாத தேரை இழுத்து, எந்த முனையில் சக்கரம் சிக்குகிறது, எங்கே கரண்ட் கம்பி இடிக்கிறது என்று பார்க்கத்தான். நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் செய்ததும் இதைத்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை. குதித்த கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்து கண் தெரியவில்லை. கையடியை எண்ணிக்கொண்டே போய்ச் சுவரைத் தொட்டார். தங்கம், அதுவும் உலக சாதனையோடு. கோளாறுகளையும் சேர்த்தே தினமும் மனசுக்குள் நீந்திப் பழகியவர் அவர். மெடலை மட்டும் பார்த்துப் பழகியிருந்தால் பாதியிலேயே பதறியிருப்பார்.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். 2025 ஜூலை 12-இல் நடந்த குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடம் 3,935. விண்ணப்பம் 13 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரும் ஒரு தடவையாவது அந்த நாற்காலியில் மனசால் உட்கார்ந்திருப்பார்கள். தமிழ்த் தகுதிப் பகுதியில் 150-க்கு 60 வாங்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இது யார் கனவிலாவது வந்ததுண்டா?

ஆகவே தம்பி, தங்கச்சி, கண்ணை மூடத்தான் வேண்டும் என்றால் இதைப் பாருங்கள். இரவு ஒன்பது மணி, புத்தகம் விரித்திருக்கிறது, போன் அதிர்கிறது. கை எங்கே போகிறது? 'போன் அதிர்ந்தால் எடுத்துப் போய்ச் சமையல்கட்டில் வைத்துவிட்டு வருவேன்' என்று எழுந்து நடப்பதுவரை பாருங்கள். கரண்ட் போகிறது, சார்ஜ் லைட் எங்கே இருக்கிறது? கணக்கு வரவில்லை, எரிச்சல் வருகிறது. அடுத்த நிமிஷம் என்ன செய்வீர்கள்? 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் சொன்னதைச் செய்கிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டுகின்றன. (இவர் ஓட்டிங்கனின் கணவர். அந்த வீட்டில் பகல் கனவு காணவே தைரியம் வேண்டும்.) இதற்கு ஐந்து நிமிஷம் போதும். முடித்த கையோடு புத்தகம் திறக்கவில்லையென்றால் அதுவும் மனப்பால்தான்.

நாற்காலியைக் கண்முன் நிறுத்தித் தருகிறேன் என்று காசு கேட்டு வகுப்பு நடத்துகிறவர்களிடம் இன்னும் உஷார். அதே காசுக்குப் பழைய வினாத்தாள் கட்டுக் கட்டாகக் கிடைக்கும்.

தேர்வு நாளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விழுப்புரம் போக முதல் பஸ்ஸில் இடமில்லை, அடுத்தது எப்போது? ஹால் டிக்கெட் எந்தப் பையில்? தேர்வு 9.30-க்குத்தான். ஆனால் 9 மணிக்கு மேல் வருகிறவரை உள்ளே விடமாட்டார்கள்.