ஒரு நாளைக்கு எத்தனை உடுப்பு?

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில் பள்ளிக்குப் போகும் ஒரு பையனின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் படுக்கை உடுப்பைக் கழற்றிச் சீருடை போடுகிறான். பள்ளியில் உடற்கல்விக்கு டி-சட்டையும் அரைக்கால் சட்டையும். வீடு திரும்பிக் குளித்ததும் வீட்டு உடுப்பு. மாலையில் பந்து விளையாடப் போனால் இன்னொன்று. இவற்றில் அலங்காரத்துக்காக மாற்றியது ஒன்றுகூட இல்லை.

காரணம் வானிலைதான். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை காயாமல் துணியில் ஊறி முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. 2023 மே 13 அன்று ஆங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983-இல் தெங்காவில் பதிவான உச்ச வெப்பத்துக்கு அது சமம். அந்த மாதம் பல பள்ளிகள், மாணவர்கள் சீருடைக்குப் பதிலாக உடற்கல்வி உடையிலேயே வகுப்பில் இருக்கலாம் என்று அனுமதித்தன.

அலுவலகம் போகிறவர்களின் பாடு வேறு. எம்ஆர்டி ரயில் நிலையம்வரை நடப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். அலுவலகத்துக் குளிர்சாதனமோ ஸ்வெட்டரைத் தேட வைக்கும். மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் பெண்கள் நைட்டிக்கும் ஆண்கள் கைலிக்கும் மாறினால்தான் அன்றைய வேலை முடிந்ததாக மனம் ஒப்புக்கொள்கிறது.

கோயிலுக்குப் போவதென்றால் மறுபடியும் குளியல், வேட்டி, புடவை. சிராங்கூன் சாலையில் 1855-இல் எழுந்த ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்துதான் தைப்பூச ஊர்வலம் புறப்படுகிறது. மஞ்சளும் காவியும் உடுத்திய பக்தர்கள் பால்குடமும் காவடியும் ஏந்தி, டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நடக்கிறார்கள்.

இத்தனை முறை உடுப்பு மாற்ற வைக்கும் வியர்வைக்குத் தனியாக வாடை கிடையாது. தோலிலுள்ள நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 26 பேர் கடுமையாக உடற்பயிற்சி செய்தபோது அணிந்த சட்டைகளைச் சோதித்தார்கள். பருத்தியைவிட பாலியெஸ்டரில் வாடை அதிகம் என்று தெரிந்தது. வெயிலில் அலைகிறவர்கள் பருத்தியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மாற்றிய துணியெல்லாம் துவைத்தாக வேண்டும், காய வேண்டும். பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் சமையலறைச் சன்னலுக்கு வெளியே குழாய்கள் பதித்திருப்பார்கள். சட்டையின் இரு கைகளிலும் மூங்கில் கழியை நுழைத்து, கழியின் அடிமுனையைக் குழாய்க்குள் செருகினால், துணி அந்தரத்தில் நீட்டியபடி காயும். வானம் இருட்டினால் அத்தனை கழியையும் உள்ளே இழுக்க வேண்டும். உடுப்பு கூடினால் இந்த வேலையும் கூடும். அதனால் ஒரு மணி நேரம் மட்டும் போட்ட, வியர்வை படாத புடவையையும் சட்டையையும் காற்றாட விட்டு மறுபடி உடுத்துவதே சிக்கனம்.

இந்தக் கணக்கில் வராத ஒரு கூட்டம் உண்டு. கட்டுமானத் தளங்களில் உழைக்கும் தமிழகத்து, வங்காளதேசத்து ஊழியர்கள் பலருக்கு, காலையில் போட்ட முழுக்கை வேலை உடுப்புதான் மாலைவரை. ஞாயிற்றுக்கிழமை தேய்த்த சட்டையோடு முஸ்தபா சென்டர் பேரங்காடிப் பக்கம் அவர்கள் வரும்போதுதான் விருப்பப்பட்டு உடுத்திய உடுப்பில் அவர்களைப் பார்க்கிறோம். அதிகம் வியர்ப்பவர்களே மிகக் குறைவாக மாற்ற நேர்வது நியாயமல்ல. மதிய இடைவேளையில் முகம் கழுவ ஒரு குழாய், மாற்றுச் சட்டை வைக்க ஒரு பெட்டி, மாற்றிக்கொள்ள ஒரு மறைவிடம்: இந்த மூன்றையும் ஒவ்வொரு வேலைத்தளத்திலும் முதலாளிகள் செய்து கொடுக்க வேண்டும்.