‘ஒரு கொட்டுதானே’ன்னு விட்டுடாதீங்க: வீட்டுப் பக்கத்தில் கதண்டு கூடு இருந்தா என்ன செய்யணும்?

ஜெயங்கொண்டத்தில் இருந்து அம்மா போன் பண்றாங்கன்னு வைங்க. “முந்திரித் தோப்புல கதண்டு கொட்டிடுச்சுடா. சுண்ணாம்பு வெச்சிருக்கேன், ஒண்ணும் இல்ல” என்கிறார். சென்னையில் ஆபீஸில் இருக்கும் நீங்கள் “சரிம்மா, ரெஸ்ட் எடு”ன்னு போனை வைக்கலாமா? கூடாது. அடுத்து கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கு.

கதண்டு என்பது என்ன?

செய்திகளில் ‘விஷ வண்டு’ன்னு வரும். உண்மையில் இது வண்டு இல்லை, பெரிய குளவி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் காணப்படும் ஒரு இனத்தின் பெயர் வெஸ்பா அஃபினிஸ். கறுப்பு உடல், வயிற்றின் முன்பகுதியில் அகலமான மஞ்சள் பட்டை. அதுதான் அடையாளம்.

மரப்பட்டையை மென்று, எச்சிலோடு குழைத்து, காகிதம் மாதிரி கூடு கட்டும். ஒரு ராணி தனியாக ஆரம்பிக்கும்போது கூடு கைப்பிடி அளவுதான். வளர்ந்தபின் குடத்தைவிடப் பெரிதாகும், உள்ளே நூற்றுக்கணக்கில் குளவிகள் இருக்கும். பனை மரம், புளிய மரம், ஓட்டு வீட்டின் இறவாணம், மாடியில் பூட்டிக் கிடக்கும் அறை என்று எங்கே வேண்டுமானாலும் கட்டும்.

தேனீயைவிட ஏன் ஆபத்து?

தேனீயின் கொடுக்கில் முள் இருக்கும். கொட்டினால் கொடுக்கு நம் தோலிலேயே மாட்டிக்கொள்ளும். கதண்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஒரே கதண்டு திரும்பத் திரும்பக் கொட்டும். அதோடு, அதன் விஷத்தில் உள்ள வாசனை மற்ற கதண்டுகளுக்கு ‘எதிரி இங்கே’ என்று சொல்லும் அலாரம். கையால் அடித்து நசுக்கினால் கூட்டமே திரண்டு வருவது அதனால்தான்.

இரண்டு விதமான ஆபத்து

முதலாவது, நிமிடக் கணக்கு. சிலருக்கு இந்த விஷம் கடும் ஒவ்வாமையைக் கிளப்பும். அவர்களுக்கு ஒரே ஒரு கொட்டு போதும். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு, தொண்டை வீக்கம், மூச்சுத் திணறல், தலைசுற்றல், வாந்தி வரும். இதற்கான முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை அதற்கு மாற்று இல்லை. வெளிநாட்டில் நோயாளிகளே பையில் வைத்திருக்கும் பேனா ஊசி நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பில் சுலபமாகக் கிடைக்காது. அதனால் எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கும்.

இரண்டாவது, நாள் கணக்கு. ஒவ்வாமையே இல்லாதவருக்கும் நிறையக் கொட்டு விழுந்தால், விஷம் தசைகளையும் ரத்த அணுக்களையும் சிதைக்கும். அந்தக் கழிவு போய்ச் சிறுநீரகத்தை அடைக்கும். அன்றைக்கு வலி மட்டும் இருக்கும். ஓரிரு நாள் கழித்துச் சிறுநீர் குறையும், அல்லது கடுங்காப்பி நிறத்தில் போகும். 2013-ல் சீனாவின் ஷான்சி மாகாணத்தில் ராட்சதக் குளவிகள் கொட்டி 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 1,600-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சிறுநீரகம் பாதித்து டயாலிசிஸ் வரை போனவர்களும் அதில் உண்டு. பாம்புக்கடிக்கு இருப்பது போல இதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது. முன்கூட்டியே கண்டுபிடித்து சிகிச்சை தருவதுதான் வழி.

போனில் கேட்க வேண்டியவை

மூச்சு விடச் சிரமமா இருக்கா? முகம், உதடு வீங்குதா? தலை சுத்துதா? ஒன்றுக்கு ‘ஆமா’ன்னு பதில் வந்தாலும் உடனே 108.

எத்தனை இடத்துல கொட்டுச்சு? பல இடம் என்றால், இப்போது நன்றாக இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். குழந்தை, முதியவர், இதய நோயாளி, முன்பே ஒவ்வாமை வந்தவர் என்றால் எண்ணிக்கை பார்க்க வேண்டாம்.

மறுநாளும் கூப்பிட்டுக் கேளுங்கள்: ஒண்ணுக்குப் போறது சரியா இருக்கா, நிறம் மாறியிருக்கா?

சுண்ணாம்பு உள்ளே போன விஷத்தை எடுக்காது. சோப்பு போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் வலி குறையும். கையில் மோதிரம், வளையல் இருந்தால் வீக்கம் வரும் முன் கழற்றிவிட வேண்டும்.

கூடு கண்ணில் பட்டால்?

கல் எறியாதீங்க. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தாதீங்க. காய்ந்த சருகு கிடக்கும் முந்திரித் தோப்பிலும் கூரை வீட்டுப் பக்கத்திலும் அது தீ விபத்தில் முடியலாம். குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் அந்தப் பக்கம் விடாமல், 101-க்கு போன் செய்யுங்கள். ஜெயங்கொண்டத்திலேயே தீயணைப்பு நிலையம் இருக்கு. பெரும்பாலும் கதண்டுகள் அடங்கிய பிறகு, இருட்டில்தான் வேலையை முடிப்பார்கள். பகலில் போன் செய்து “ஏன் இன்னும் வரல”ன்னு பதற வேண்டாம்.

துரத்தினால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு ஓடி, கதவுள்ள அறைக்குள்ளோ வண்டிக்குள்ளோ போய்விடுங்கள்.

ஆள் போகாத காட்டு மரத்தில் இருக்கும் கூட்டை விட்டுவிடலாம். பயிரைத் தின்னும் புழுக்களைப் பிடித்துத் தின்பதும் இதே கதண்டுதான். வாசல், பள்ளிக்கூடம், 100 நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை, இங்கெல்லாம் இருந்தால் மட்டும் காத்திருக்காதீங்க.

இன்னைக்கு ராத்திரி ஊருக்குப் பேசும்போது ஒரு வார்த்தை கேளுங்க: “நம்ம வீட்டுப் பக்கம் கதண்டு கூடு ஏதாவது இருக்காம்மா?”