பாவ அறிக்கையும் தாய்மொழியும்

செய்த பிழையை ஒளிக்காது இறைவன் திருமுன் உரைத்து மன்னிப்பு வேண்டுதல் பல சமயங்களிலும் காணப்படும் மரபு. அதனை எம்மொழியில் உரைப்பது என்னும் கேள்வி சொந்த ஊரில் வாழ்வோர்க்கு எழுவதில்லை. தாயகம் விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு எழுகின்றது. இக்கேள்வியை எண்ணுங்கால், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் எல்லைச் சிற்றூர்கள் நம் நினைவுக்கு வருகின்றன.

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபொழுது, விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. அதனை அடுத்திருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளை இப்புறம், பாறசாலை அப்புறம். எல்லைக்கோடு வரைபடத்தில் விழுந்ததேயன்றி மக்கள் நாவில் விழவில்லை. இருமொழியும் அறிந்தோர் அங்குப் பலர். கத்தோலிக்கர் குருவிடம் தம் பாவங்களைச் சொல்லும் சடங்கிற்கு மலையாளத்தில் 'கும்பசாரம்' என்று பெயர். அது போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. தமிழிலோ நெடுங்காலம் 'பாவசங்கீர்த்தனம்' என்றனர். இக்காலத்தில் 'ஒப்புரவு' என்கின்றனர். பொருள் வேறாயினும், வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்குத் தலைப்பாக வைத்த சொல் ஆலயத்துள் புகுந்திருப்பது நமக்கு மகிழ்ச்சியே.

இச்சொற்களின் பின்னே ஒரு வரலாறு உண்டு. நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாரை உள்ளிட்ட திருவிதாங்கூர்க் கடற்கரைக்குப் பிரான்சிஸ் சவேரியார் 1544ஆம் ஆண்டின் இறுதியில் வந்தார். அதற்கு முன்னரே முத்துக்குளித்துறையில், இருமொழி அறிந்தோர் துணையால் மன்றாட்டுகளைத் தமிழாக்கி மனப்பாடம் செய்திருந்தார். மனப்பாடம் செபத்திற்குப் போதும். ஆனால் ஒருவன் தன் குற்றத்தைச் சொல்ல வருகையில் என்ன சொல்லுவான் என்பதை யார் முன்கூட்டி மனப்பாடம் செய்ய இயலும்? சவேரியாருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் (1520–1600) இக்குறையைப் போக்கத் தமிழையே முறையாகக் கற்றார். இவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இரண்டாண்டுகள் கழித்து, 1580இல், பாவ அறிக்கைக்கென்றே ஒரு தமிழ்நூல் கொச்சியில் அச்சேறியது. அதன் பெயர் 'கொம்பெசியோனாயரு'. தமிழில் அச்சான முதற் சில நூல்களுள், மனிதன் தன் பிழையைத் தன் சொல்லால் உரைக்கத் துணைநிற்கும் நூல் ஒன்று இருந்தது என்பதும், அது மலையாள மண்ணில் அச்சானது என்பதும் நாம் நின்று நோக்கத்தக்கவை.

உண்மையான அறிக்கை என்பது யாது? நடந்ததைச் சொல்லுதல் மட்டும் அன்று, அஃது எளிது. "சூழ்நிலை அப்படி அமைந்துவிட்டது" என்பானும் நடந்ததையே சொல்லுகிறான். செய்தவன் யான் என்று தன்னை எழுவாயாக வைத்துச் சொல்லும்பொழுதே அறிக்கை பிறக்கின்றது. கற்றறிந்த மொழியில் பேசுவோர்க்கு இங்கே ஓர் இடர் உண்டு. கடன் வாங்கிய சொல் சுடுவதில்லை. 'முறைகேடு' என்பான், 'திருடினேன்' என்னும் சொல் அவன் வாயில் வாராது. தாய்மொழிச் சொல்லில் அவ்வாறு ஒளிந்துகொள்ளுதல் அரிது. சொன்னதோடும் கடமை முடிவதில்லை. வரப்பை நகர்த்தியவன் அதனைப் பழைய இடத்தில் வைத்தல் வேண்டும். விவிலியத்தில் வரும் சகேயு என்னும் வரி தண்டுவோன், எவரிடமேனும் அநியாயமாய்ப் பெற்றிருந்தால் நான்கு மடங்கு திருப்பித் தருவதாக இயேசுவின் முன் வாக்களித்தான்.

இனி, பாறசாலைப் பகுதி இலண்டன் மிஷன் சபைகள் வேரூன்றிய இடமும் ஆகும். 1806இல் ரிங்கல்தவுபே திருவிதாங்கூருக்கு வந்தபின் வளர்ந்த அப்பணியின் வழிவந்த சபைகள், 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. அவர்கள் குருவிடம் தனித்துச் சொல்லும் வழக்கத்தைக் கட்டாயமாகக் கொள்வதில்லை. வழிபாட்டில் சபையார் அனைவரும் ஒருங்கே தம் பாவத்தை அறிக்கையிட்டு, மன்னிப்பின் உறுதிமொழியைக் கேட்கின்றனர். கூட்டத்தோடு சொல்லும்பொழுது தன் குற்றம் கூட்டத்துள் கரைந்துவிடாதா என்று ஐயுறுவோரும் உளர். ஆனால் தன் அயலானும் அதே சொற்களைச் சொல்லக் கேட்பவனுக்கு, அவனை இகழும் துணிவு எளிதில் எழாது.

தமிழ்ச் சைவ மரபில் இதற்கு நிகரானதை நாவுக்கரசர் வாழ்வில் காண்கிறோம். சமணத்துறவியாய்த் தருமசேனர் என்னும் பெயருடன் விளங்கியவர், சூலைநோய் பற்றத் தமக்கையார் திலகவதியாரை நாடி இரவோடு இரவாகத் திருவதிகை சென்றார் என்று சேக்கிழார் கூறுகிறார். புகழோடு இருந்த இடத்தை விட்டு, நோயோடும் நாணத்தோடும் தமக்கை வீட்டு வாயிலில் நிற்பதன் அருமையை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் 'ஏன் சென்றாய்' என்று வினவி நிறுத்தவில்லை; திருநீறு அளித்து, வீரட்டானத்து இறைவன் திருமுன் அழைத்துச் சென்றார். அங்கே அவர் பாடிய முதற்பதிகம் தம் பிழையையும் வலியையும் ஒருங்கே சொல்லி அடைக்கலம் வேண்டுவது.

வேற்று மாநிலத்தில் தம் மொழி அறிந்த குரு கிடைக்காத கத்தோலிக்கர்க்கு ஒரு வழி உண்டு. 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பு, மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவும் பாவ அறிக்கை செய்ய இசைவு தருகின்றது. குருவைப் போன்றே அவரும் கேட்டதை வெளியிடலாகாது. மொழிபெயர்ப்பையே அலுவலாகக் கொண்ட நமக்கு இவ்விதி வியப்பளிக்கின்றது. நாம் பெயர்ப்பவை யாவும் படியெடுக்கப்பட்டு, கோப்பில் ஏறி, பலர் கையொப்பம் பெறுவன. இவரது மொழிபெயர்ப்போ காகிதத்திலும் தங்காது, எவர் செவிக்கும் மறுமுறை எட்டாது.